ஓவனுக்கு வந்த காய்ச்சல்

1

போன ஆயுத பூசைக்கும் அதை அடுத்து வந்த தீபாவளிக்கும் நடுவில் எங்கள் வீட்டு ஓவன் கெட்டுப்போனது. நாடு விட்டு நாடு வந்தவனுக்கு எழுத எத்தனையோ இருக்க, இவன் ஓவனைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டானே என்று கோயமுத்தூரில் நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு நாளில் மறுபடி ஆயுத பூசை. இதை எழுதி முடிக்காமல் இந்த வருடம் கும்பிட மனம் வராது போலிருக்கிறது.

பினாங்குக்கு நான் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தாய்மாமன் மகள் சரோஜாவைக் கட்டிக்கொண்டு, மில்லில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவன். அவள் இங்கேயே பிறந்தவள், அதனால் அவளுடைய அடையாள அட்டை நீல நிறம். என்னுடையது சிவப்பு. இங்கே தங்கலாம், வேலை பார்க்கலாம், ஆனால் குடிமகன் இல்லை என்று அர்த்தம். எங்கள் ஒரே மகள் கயல்விழிக்கும் நீல அட்டைதான். வீட்டில் மூன்று பேர், அதில் நான் மட்டும் வெளிநாட்டான் என்று சரோஜா கிண்டல் செய்வாள்.

ஜெலுத்தோங்கில் ஆறாவது மாடியில் வீடு. காலையில் கம்பெனி பஸ் கடல் பாலத்தைக் கடந்து அக்கரையில் உள்ள புக்கிட் தெங்காவுக்குக் கொண்டுபோகும். அங்கே இரும்பு அலமாரிகளுக்குப் பெயிண்ட் அடித்து, ஒரு அறை அளவுள்ள ஓவன்களுக்குள் விட்டுச் சுட்டு எடுப்பார்கள். பத்து டிகிரி கூடினால் பெயிண்ட் கொப்பளிக்கும். பத்து டிகிரி குறைந்தால் நகம் பட்டாலே உரிந்துவிடும். அந்த ஓவன்களுக்குள் சூட்டை உணர்ந்து சொல்கிற கம்பிகளுக்குச் சென்சார் என்று பெயர். அவை உண்மை சொல்கின்றனவா, பொய் சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் பட்ட அவமானம் எவ்வளவு என்று உங்களுக்குப் புரிய வேண்டும்.

2

வீட்டு ஓவன் வந்தபோது கயலுக்குப் பதின்மூன்று வயது. பள்ளியில் சமையல் பாடத்தில் பட்டர் கேக் செய்யக் கற்றுக்கொண்டு வந்து, தினமும் அதே பேச்சாக இருந்தாள். ஓவனை நிறுத்திப் பொருத்தியதும் அதற்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

"அப்பா, உள்ள யாருமே இல்ல. இதுக்கு எப்படிச் சூடு தெரியும்?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அதுவரை அவள் கேட்டதில்லை. டார்ச்சை எடுத்து, உள்ளே மேல் மூலையில், பின்சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கம்பியைக் காட்டினேன். பென்சிலில் பாதி நீளம்தான் இருக்கும்.

"இந்தக் கம்பிதான் கண்ணு இதுக்கு உயிரு. மத்ததெல்லாம் வெறும் தகரம்."

அவள் அந்தக் கம்பியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். அதன் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வந்ததில்லை. நானும் மறந்துபோனேன்.

அதற்கப்புறம் அவள் வளர்ந்த வேகத்தை என்னால் பிடிக்க முடியவில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், தோழிகளோடு ஆங்கிலம் என்று இருந்தது. பிறகு வீட்டிலும் ஆங்கிலம் நடமாட ஆரம்பித்தது. "சாப்பிட்டியா கண்ணு?" என்று நான் கேட்டால் "யெஸ்பா" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். கோயிலுக்குக் கூப்பிட்டால் தலைவலி. என் தம்பியின் கடிதம் வந்தால் "நீங்களே வாசிச்சுச் சொல்லுங்கப்பா" என்பாள். இதெல்லாம் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான் என்று சரோஜா சொல்வாள். எல்லார் வீட்டிலும் உள்ளது என்பதால் என் வீட்டில் வலிக்காமல் போய்விடுமா?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் மலாய்ப் படிவங்களை எல்லாம் அவள்தான் நிரப்பித் தருவாள். சிவப்பு அட்டைக்காரனுக்குப் படிவத்துக்குப் பஞ்சமே இல்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பேனாவை உதறி உதறி, "உங்கப்பா பேரு? பிறந்த ஊரு?" என்று அதிகாரி மாதிரி கேட்பாள். எங்கள் மில், எங்கள் வீதி எல்லாம் அந்தப் படிவங்கள் வழியாகத்தான் அவளுக்குத் தெரியும்.

3

எங்கள் மில்லில் ஆயுத பூசை எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம் முன்பிருந்தே பஞ்சுத்தூசி தட்டி, எண்ணெய் துடைத்து, ஒவ்வொரு மிஷினுக்கும் குளித்த பிள்ளைக்கு வைப்பதுபோலத் திருநீறும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஆர்வக் கோளாறில் நான் பாய்லர் மீட்டரின் கண்ணாடி நடுவிலேயே பெரிய பொட்டாக வைத்துவிட்டேன். எங்கள் மேஸ்திரி வந்து பார்த்தார்.

"ஏனப்பா, சாமிக்கு நெத்தியில வெப்பியா, கண்ணுல வெப்பியா? முள்ளு தெரியோணுமல்ல. பொட்டு எதுக்கு வேணாலும் வெய்யி. வேலைக்குக் குறுக்க வராத இடமாப் பார்த்து வெய்யி."

அதை நான் என் வேலைக்காலம் முழுவதும் கடைப்பிடித்து வந்திருக்கிறேன். புக்கிட் தெங்கா கம்பெனியில் பூசை கிடையாது. ஆனாலும் அந்த வாரத்தில் என் மீட்டரின் அடிப்பக்கத்தில் துளி குங்குமம் வைத்துக்கொள்வேன். வீட்டில் முறையாகச் செய்வோம். என் சாமான் பெட்டி, சரோஜாவின் தையல் மிஷின், அரவை மிஷின், ஓவன், கயலின் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் பூசை. அன்று அவற்றை யாரும் தொடக்கூடாது. மறுநாள்தான் எடுக்க வேண்டும்.

போன வருடம் ஆயுத பூசை அன்றுதான் கயலின் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கடைசிப் பரீட்சை. அதற்கு மூன்று நாள் கழித்து அவள் கோலாலம்பூரில் ஒரு கல்லூரிக்குப் போவதாக இருந்தது. மூன்று வருடப் படிப்பு, விடுதியில் வாசம். அவள் நம்மோடு இருந்து கும்பிடுகிற கடைசிப் பூசையாக இருக்கலாம் என்ற எண்ணம் ஒரு மாதமாகவே என் நெஞ்சில் கிடந்தது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

காலையில் சரோஜா பூவும் பொரியும் வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தாள். நான் குளித்துவிட்டு வந்தபோது கயல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நான் போறேன். எட்டு மணி பஸ். அப்பா, அந்த ஓவன்..."

"ஓவன் இருக்கட்டும். உங்கம்மா வர்ற வரைக்கும் பத்து நிமிசம் நிக்க முடியாதா உனக்கு?"

"எக்ஸாம்பா. லேட்டானா உள்ள விடமாட்டாங்க."

நியாயமான பதில். அது நியாயமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"நீ கோலாலம்பூருக்கு அடுத்த வாரம் போகவேண்டியதில்ல. எப்பவோ போயாச்சு. இந்த வீட்டுக்கும் உனக்கும் ஒண்ணுமில்ல."

அவள் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். லிப்ட் வேலை செய்யாத நாள். ஆறு மாடியும் அவள் இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஈரத் துண்டோடு நின்றேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

பூசையின்போதும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. சந்தனம் களி மாதிரி இருந்தது. யார் இவ்வளவு கெட்டியாகக் குழைத்தது என்று கேட்டேன். கயலிடம் சொல்லிவிட்டுப் போனதாகச் சரோஜா சொன்னாள். ஒரு சந்தனம் குழைக்கக்கூடத் தெரியாமல் வளர்த்து வைத்திருக்கிறோம் என்று அதற்கும் ஒரு பாட்டுப் பாடினேன்.

4

கயல் கிளம்புகிற நாளுக்கு முதல் நாள் மத்தியானம், விடுதிக்குக் கொடுத்துவிட என்று சரோஜா பட்டர் கேக் வைத்தாள். ஓவன் சூடேற ஆரம்பித்ததும் வீட்டில் நல்ல வாசனை வந்தது. கீழ் வீட்டுச் சீனர்கள் சந்தன ஊதுபத்தி ஏற்றுகிறார்கள் என்று நினைத்தோம். அவர்கள் வீட்டில் ஏற்றினால் எங்களுக்குத்தான் முதலில் மணக்கும். சிறிது நேரத்தில் அந்த வாசனை போய்க் கருகல் நாற்றம் வந்தது. கேக்கின் மேல்பகுதி கரியாகியிருந்தது. உள்ளே மாவு அப்படியே இருந்தது.

சரோஜா அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆறு வருடத்தில் ஒருநாளும் இப்படி ஆனதில்லை. "புள்ள கிளம்புற நேரத்துல இப்படி ஆவுதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கயல் அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, "பரவால்லம்மா, அங்க கேன்டீன்ல கேக் இருக்கும்" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் பஸ் நிலையத்தில் "போயிட்டு வரேன்பா" என்றாள். "ம்" என்றேன். எங்கள் பிரிவு உபசாரம் அவ்வளவுதான்.

அதன் பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை அவள் போன் செய்வாள். நான் எடுத்தால், "அம்மா இருக்காங்களா?" என்பாள். நான் ரிசீவரைச் சரோஜாவிடம் கொடுத்துவிட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் சரோஜா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தீபாவளிக்கு வரலையாம். டெஸ்ட் இருக்காம். பஸ் டிக்கெட்டும் முடிஞ்சிருச்சாம்."

"சரி, அவ இஷ்டம்" என்றேன்.

"நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டா வருவா. நான் கூப்பிட்டா எப்படி வருவா? நானா ஏசினேன்?"

நான் பேப்பரைத் திருப்பினேன். நான் கூப்பிட்டு அவள் வராமல் போனால் என்ன செய்வது என்பதுதான் என் பயம். அதை யாரிடம் சொல்ல?

5

தீபாவளிக்குப் பிஸ்கட்டும் கேக்கும் சுட்டு அக்கம்பக்கம் கொடுப்பது இங்கே வழக்கம். மேல் வீட்டு மலாய்க் குடும்பமும் கீழ் வீட்டுச் சீனக் குடும்பமும் தட்டை எதிர்பார்ப்பார்கள். சரோஜா இன்னும் இரண்டு முறை வைத்துப் பார்த்தாள். இரண்டும் கருகின.

"ஊரு பேக்டரிக்கெல்லாம் சூடு பார்க்கிற மனுசன். நம்ம வீட்டு ஓவனுக்குப் பார்க்க முடியலையா?"

இந்தக் கேள்வியை அவள் காலையில் பசியாறும்போது ஒருமுறையும் ராத்திரிச் சாப்பாட்டில் ஒருமுறையும் கேட்டாள். நான் களத்தில் இறங்கினேன்.

ஓவனை முன்னால் இழுத்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, சென்சாரின் கம்பிகள் வெளியே வந்து சேருகிற இடத்தில் என் மீட்டரை வைத்தேன். அறைச் சூட்டுக்கு எவ்வளவு காட்ட வேண்டுமோ அவ்வளவு காட்டியது. கம்பி அறுந்திருக்கவில்லை, இணைப்பு தளரவில்லை. சூடு போடு என்று உத்தரவு கொடுக்கிற பலகையைப் பார்த்தேன். அதிலும் குறை இல்லை. மேலாளரிடம் சொல்லிவிட்டுக் கம்பெனி வெப்பமானியைக் கொண்டுவந்து, ஓவனுக்குள் வைத்து ஓடவிட்டேன். நூற்றெண்பதில் நிறுத்தச் சொல்லியிருந்தால் இருநூற்று நாற்பது வரை போய்த்தான் நின்றது. பிறகு நூற்றைம்பதுக்கும் கீழே இறங்கிய பிறகுதான் மறுபடி சூடு போட்டது.

மூன்று நாள் மாலை இதையே செய்து, நோட்டில் கோடு போட்டு வரைந்து, ஒரு முடிவுக்கு வந்தேன். சென்சாருக்குச் சூடு தெரிகிறது. ஆனால் தாமதமாகத் தெரிகிறது. வயதாகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் சொல்கிற முதல் பாடம், மீட்டரை எடுக்கும் முன்னால் கண்ணால் பார் என்பது. வீட்டில் நான் என்ன செய்தேன்? டார்ச் அடித்து எட்டிப் பார்த்தேன். கழுத்து வலி, மூக்குக் கண்ணாடியில் ஆவி. அந்த மூலையில் கம்பி பழுப்பாகத் தெரிந்தது. வெண்ணெய் தெறித்துக் காய்ந்த பிசுக்கு என்று முடிவு கட்டித் தலையை வெளியே எடுத்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பட்டறை வரிசையில் மின்சாமான் பழுது பார்க்கிற ஆ செங் என்பவரிடம் போனேன். அவர் மாடல் எண்ணைப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னதன் சாரம் இது: "அண்ணே, இந்த மாடல் இப்போது வருவதில்லை. சாமான் சிங்கப்பூரிலிருந்து தபாலில் வர வேண்டும். ஒரு வாரம் ஆகும். புது ஓவன் வாங்கிவிடுங்கள்." நான் சென்சாரே போதும் என்றேன்.

பார்சல் வந்தபோது தபால் நிலையத்தில் சுங்கப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். பொருள் என்ன, எதற்கு என்று மலாயில் எழுத வேண்டும். ஓவனுக்கு மலாயில் கெதுஹார் என்று பெயர். நான் அவசரத்தில் கெதுஹானான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்குத் தெய்விகம் என்று பொருள். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் அதை வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். தெய்விகத்தை அளக்கிற சென்சார் சிங்கப்பூரில் கிடைக்கிறதா என்று மரியாதையாகவே கேட்டார். பிறகு என் சிவப்பு அட்டையை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, அவரே திருத்தி எழுதிக்கொண்டார். பேனாவை உதறுகிற விதம் கயல் மாதிரியே இருந்தது. பார்சலை வாங்கிக்கொண்டு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, அவள் இல்லாத வீடு எனக்கு முதல்முறையாக உறைத்தது. சரோஜா நினைத்ததுபோல நான் கல் இல்லை.

6

தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. சரோஜா பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, போயிருந்தாள். நான் ஓவன் கதவையே கழற்றி வைத்துவிட்டு, தரையில் பாய் விரித்துப் படுத்து, தலையை உள்ளே விட்டு, இரண்டு திருகாணிகளைக் கழற்றிப் பழைய சென்சாரை வெளியே எடுத்தேன்.

பிசுக்கு மாதிரி இல்லை. கம்பியைச் சுற்றிலும் பழுப்பாக, காய்ந்த மண் மாதிரி ஒரு பூச்சு. விரல் கனம் இருக்கும். நகத்தால் சுரண்டினேன். மேல் ஓடு உதிர்ந்தது. உள்ளே வெளிர் மஞ்சளாகப் பொடி வந்தது. வாசனையும் வந்தது.

சந்தனம்.

கம்பியின் நுனிக்குக் கீழே, பூச்சில் ஒரு சின்னக் குழி. ஒரு விரல் அழுந்திய தடம். அந்தக் குழிக்குள் கறுப்பாகிப்போன குங்குமம்.

நான் பாயில் எழுந்து உட்கார்ந்தேன். சரோஜாவுக்கு அந்தக் கம்பி இருக்கிற இடமே தெரியாது. நான் பூசையன்று ஓவனின் கதவுக்குத்தான் பொட்டு வைத்தேன். அந்தக் கம்பியை உயிர் என்று நான் ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன், அவளுடைய பதின்மூன்றாவது வயதில். பூசையன்று காலையில் பையோடு நின்று "அப்பா, அந்த ஓவன்" என்று அவள் ஆரம்பித்ததும், நான் வெட்டியதும் நினைவுக்கு வந்தன. மூன்று நாள் மீட்டரில் நான் தேடிய பழுது எதுவும் ஓவனில் இல்லை. தடித்த சந்தனத்தைத் தாண்டிச் சூடு உள்ளே போய்ச் சேர நேரமாகியிருக்கிறது. தாமதமாகத் தெரிகிற கோளாறு எனக்குத்தான்.

கையைக்கூடக் கழுவவில்லை. போய் விடுதிக்குப் போன் செய்தேன். யாரோ ஒரு பெண் எடுத்தது. என் மலாயைப் புரிந்துகொண்டு, கயலின் பெயரை நீட்டி உரக்கக் கூப்பிட்டது. படியில் ஓடிவருகிற சத்தம் கேட்டது.

"ஹலோ?"

"கயல், அப்பா பேசறேன்."



"அம்மாவுக்கு என்ன?" என்றாள்.

நான் போன் செய்தால் வீட்டில் ஏதோ விபரீதம் என்றுதான் என் மகள் நினைப்பாள் என்பதை அந்த நிமிடம் தெரிந்துகொண்டேன்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல கண்ணு. நல்லா இருக்கா. பாசாருக்குப் போயிருக்கா. ஓவன் ஏன் கருக்குதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

"ஓ. என்னவாம்?"

"சென்சார்ல சந்தனம்."

 மெதுவாகச் சொன்னாள்.

"ஐயோ. அதனாலயா? அம்மா கேக் எல்லாம்? சாரிப்பா. எனக்குத் தெரியல. கெட்டுப்போச்சா?"

"கெடல. நீ எப்ப வெச்ச?"

"நீங்க குளிச்சிட்டு இருக்கும்போது. எனக்குப் பூசைக்கு நிக்க முடியாதுன்னு தெரியும். அதான் முதல்லயே வெச்சிட்டேன். என் புக்குக்கெல்லாம் நீங்க வெப்பீங்க. ஓவனுக்கு நான் வெக்கலாம்னு... நீங்கதானே சொன்னீங்க, அதுதான் உயிருன்னு."

"ஏன் கண்ணு என்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன்பா. நீங்க ஏசிட்டீங்க."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. பரீட்சை எத்தனை மணிக்கு என்று சொல்கிறவள் மாதிரி சொன்னாள். ரிசீவரில் சந்தனப் பொடி ஒட்டியிருந்தது.

"தப்பு என்மேலதான்" என்றேன். "அன்னிக்குப் பேசினது எல்லாமே தப்பு. நீ இந்த வீட்டுப் புள்ள."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பின்னால் யாரோ ஆங்கிலத்தில் என்னவோ கேட்க, "மை டேட்" என்று பதில் சொன்னாள். பிறகு என்னிடம், "வேற எங்கப்பா வெக்கணும்? நெக்ஸ்ட் டைம்?" என்றாள்.

"வேலைக்குக் குறுக்க வராத இடமாப் பார்த்து வெக்கோணும். கதவுல கைப்பிடிக்கு மேல வெக்கலாம்."

"ஓகே."

"தீபாவளிக்கு வந்து நீயே வெய்யி."

"டிக்கெட் இல்லப்பா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பார்க்கிறேன்" என்றாள்.

7

சரோஜா பாசார் கூடையோடு வந்து, பாயையும் கழற்றிப்போட்ட கதவையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, என்ன உடைந்தது என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சென்சாரை வாங்கி முகர்ந்து பார்த்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவளோ உள்ளே போய் மாவைச் சலிக்க ஆரம்பித்தாள்.

பழைய சென்சாரை வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துத் துடைத்து மறுபடி அதையே பொருத்தினேன். நூற்றெண்பது என்றால் நூற்றெண்பதில் நின்றது. ஒரு வாரம் காத்திருந்து வாங்கிய புதுசை ஏன் போடவில்லை என்று சரோஜா கேட்டாள். நன்றாக வேலை செய்கிற ஒன்றை எதற்கு மாற்ற வேண்டும் என்று தொழில்முறையாகப் பதில் சொன்னேன். அவள் நம்பவில்லை. புதுசு இன்னும் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

தீபாவளிக்கு முதல் நாள் காலை பதினொரு மணிக்குக் கயல் வந்தாள். நேர் பஸ் கிடைக்காமல், ஈப்போ வரை ஒரு பஸ், அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு இன்னொரு பஸ், பிறகு ஃபெர்ரி, பிறகு ஜெலுத்தோங் பஸ் என்று மாறி மாறி வந்திருந்தாள். பாதித் தூரம் நின்றுகொண்டே வந்தாளாம். பையைக்கூட இறக்காமல் நேரே அடுப்படிக்குப் போய், ஓவனைத் திறந்து, மேல் மூலையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "கிளீனா இருக்குப்பா" என்றாள். கதவில் கைப்பிடிக்கு மேல் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். ஆயுத பூசை எல்லாம் முடிந்து பல நாள் ஆகியிருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று மத்தியானம் சரோஜா வைத்த பட்டர் கேக் நடுவில் சற்றே பிளந்து, நல்ல பொன்னிறமாக வந்தது. கயல் இரண்டு துண்டு தின்றாள். நான் மூன்று.

அதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். அவள் இப்போதும் "யெஸ்பா"தான். தம்பியின் கடிதத்தை இப்போதும் நான்தான் வாசித்துச் சொல்கிறேன், ஆனால் போனில் வாசிக்கிறேன். நடுவில் நிறுத்தி, "அந்த மில்லுப் பக்கத்துலயா சித்தப்பா வீடு?" என்று கேட்கிறாள். படிவங்களை அவளுக்குத் தபாலில் அனுப்புகிறேன், நிரப்பித் திருப்பி அனுப்புகிறாள்.

இந்த வருடமும் ஆயுத பூசை அன்று அவளுக்குப் பரீட்சை. வர முடியாது. ஆனால் காலையில் ஏழு மணிக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். சந்தனம் நானே குழைக்கப் போகிறேன். வழக்கமாக வைக்கிற சாமான்களோடு இந்த வருடம் டெலிபோனையும் துடைத்துப் பூசையில் வைப்பதாக உத்தேசம். அன்று எதையும் தொடக்கூடாது என்ற விதி அதற்கு மட்டும் கிடையாது என்று சரோஜாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன். பொட்டு வைக்கிற இடத்தையும் பார்த்து வைத்திருக்கிறேன். பேசுகிற பக்கமும் இல்லாமல் கேட்கிற பக்கமும் இல்லாமல், ரிசீவரின் முதுகில், நடுவில்.